அனிஸ் மணக்கவில்லை, முளைக்கவில்லை, கசக்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தமிழில் "சோம்பு" என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் எந்த விதை வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அது பிம்பினெல்லா அனிசம் என்ற சின்னச் செடியின் விதையாகவும் இருக்கலாம். பேச்சு வழக்கில் பெரும்பாலும் அது பெருஞ்சீரகம், அதாவது ஃபோனிகுலம் வல்கரே. அனிஸ் சரியாக வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் கோளாறு இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. அதனால் இங்கே முதல் செடியை அனிஸ் என்றும் இரண்டாவதைப் பெருஞ்சீரகம் என்றும் மட்டுமே எழுதப்போகிறேன்.

இன்னொரு பெயரையும் அறிமுகம் செய்துவிடுகிறேன்: அனெத்தோல். அனிஸுக்கு மணமும் இனிப்பும் தரும் பொருள் இதுதான். அனிஸ் விதையில் வாசனை எண்ணெய் சுமார் 1.5 முதல் 5 சதவீதம் வரைதான் இருக்கும். அந்த எண்ணெயில் 80 முதல் 95 சதவீதம் வரை அனெத்தோல். தண்ணீரில் இது ஏறக்குறையக் கரையவே கரையாது. கொழுப்பிலும் சாராயத்திலும் நன்றாகக் கரையும். 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். நீராவி கிளம்பினால் அதோடு சேர்ந்து கிளம்பிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் கெடும். கீழே வரும் சமையலறைப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்தக் குணங்களின் வேலைதான்.

இனிப்பு வரவேண்டிய இடத்தில் கற்பூர வாடை

உங்கள் கையில் இருப்பது அனிஸ் இல்லை, பெருஞ்சீரகமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் அனெத்தோல் உண்டு. அதனால்தான் மோந்து பார்த்தால் உறவுக்காரர்கள் போலத் தெரிகிறது. ஆனால் பெருஞ்சீரகத்தில் ஃபென்கோன் என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. கற்பூர வாடையும் லேசான கசப்பும் அது கொண்டுவருவது. அனிஸில் அது கிடையாது.

ஒரு வெள்ளைத் தட்டில் இருபது விதைகளைக் கொட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். அனிஸ் விதை 3 முதல் 6 மில்லிமீட்டர் நீளம். குட்டையாக, அடி பருத்து, பேரிக்காய் போல இருக்கும். நிறம் சாம்பல் கலந்த பச்சை அல்லது பழுப்பு. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் மேலே மெல்லிய ரோமம் படர்ந்திருப்பது தெரியும். இல்லாவிட்டால் விரலிடுக்கில் உருட்டினால் சொரசொரப்பு தட்டும். பல விதைகளில் நூல் போன்ற காம்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். பெருஞ்சீரகம் நீளமானது, பச்சையோ மஞ்சள் பச்சையோ. முதுகில் வரிவரியாக மேடு, ரோமம் இல்லை. ஒரு விதையை முன்பல்லால் கடித்துப் பாருங்கள். அனிஸ் என்றால் நாக்கில் இனிப்பு உடனே வந்து சற்று நேரம் தங்கும். அனெத்தோல் சர்க்கரையைவிடச் சுமார் 13 மடங்கு இனிப்பு. அந்த வித்தியாசம் தப்பவே தப்பாது.

பெருஞ்சீரகம்தான் என்று தெரிந்துவிட்டால் வீணாக்க வேண்டாம். அனிஸ் கேட்கும் இடத்தில் அதையே கொஞ்சம் கூடுதலாகப் போடலாம். மணம் கிட்டத்தட்ட வந்துவிடும், இனிப்பு குறையும்.

கடித்தால் மரக்கட்டை மணம், ஒரு சிட்டிகைக்கே எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது

பொடியாக வாங்கியவர்களுக்கு வரும் சிக்கல் இது. அன்னாசிப்பூவின் பொடியாக இருக்கலாம். அது வேறு குடும்பத்து மரத்தின் காய், இல்லிசியம் வெரம். கொத்தமல்லியும் சீரகமும் சேர்ந்த குடும்பம் அனிஸுடையது. அன்னாசிப்பூ அதற்கு எந்த உறவும் இல்லை. அப்படியிருந்தும் அதிலும் மணம் தருவது அனெத்தோல்தான். தொடர்பே இல்லாத இரண்டு தாவரங்கள் ஒரே பொருளைச் செய்துவைத்திருக்கின்றன. அனெத்தோல் என்ற பெயர் வந்ததோ இவை இரண்டிலிருந்தும் அல்ல, சதகுப்பையின் லத்தீன் பெயரிலிருந்து! ஆக, பெயர்க் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதில்லை. சரி, திருத்தம் எளிது: சமையல் குறிப்பில் அனிஸுக்குச் சொன்ன அளவில் பாதியைப் போட்டு ருசி பாருங்கள், தேவைப்பட்டால் ஏற்றுங்கள். இனி முழு விதையாகவே வாங்குங்கள். பொடியில் எதையும் அடையாளம் காண முடியாது.

சரியான விதைதான், ஆனாலும் மணமே இல்லை

ஒரு விதையை உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரல் நகத்தால் நசுக்கி உடனே மோந்து பாருங்கள். மணம் குப்பென்று வந்தால் விதையில் தப்பில்லை, நீங்கள் பயன்படுத்தும் முறையில்தான் கோளாறு. நசுக்கியும் வைக்கோல் வாடைதான் என்றால் விதை பழசு. அதை எவ்வளவு வறுத்தாலும் இல்லாத எண்ணெய் வராது. முழு விதை, காற்றுப் புகாத புட்டியில், இருட்டில், இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். பொடித்துவிட்டால் சில மாதங்கள்தான். அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் கண்ணாடிப் புட்டிகளை வரிசையாக அடுக்கினால் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் சூடு, வெளிச்சம், நீராவி மூன்றும் ஒருசேரப் படும் இடம் அது. அனிஸ் வைக்க அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை.

விதை நன்றாக இருந்தும் பண்டத்தில் மணம் வரவில்லையா? வெந்நீரில் ஊறவைத்த பானத்துக்கும் அடுப்பில் வேகும் பண்டத்துக்கும் காரணம் வேறு.

வெந்நீரில் முழு விதையைப் போட்டால் பெரிதாக ஒன்றும் இறங்காது. எண்ணெய், விதைச் சுவருக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களில் அடைபட்டிருக்கிறது. உரலில் இரண்டு தட்டு தட்டி, விதை பிளந்ததும் நிறுத்திவிட்டு, அதன்மேல் வெந்நீரை ஊற்றி மூடிவையுங்கள். மூடி முக்கியம். அனெத்தோலின் கொதிநிலை 234 டிகிரி. அதனால் 100 டிகிரியில் அது பத்திரமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். அப்படியில்லை. தண்ணீர் ஆவியாகும்போது அதையும் இழுத்துக்கொண்டு போகிறது. விதையிலிருந்து வாசனை எண்ணெய் வடிப்பதே இந்த முறையில்தான். மூடியில்லாமல் கொதிக்கவைப்பவர் வீடு முழுக்க மணக்கும், குவளை மட்டும் மணக்காது. பத்து நிமிடம் கழித்து மூடியைத் திறக்கும்போது அதன் உட்புறம் திரண்டிருக்கும் துளிகளைத் தட்டிக் குவளையிலேயே விழவிடுங்கள். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

அடுப்பில் வேகும் பண்டங்களுக்கு மருந்து கொழுப்பு. நசுக்கிய விதையை வெண்ணெயிலோ எண்ணெயிலோ இளஞ்சூட்டில் சில நிமிடம் வைத்து, அந்தக் கொழுப்பை மாவில் சேருங்கள். மணம் கொழுப்பில் கரைந்து அங்கேயே தங்கும். நெடுநேரம் கொதிக்கும் பண்டமானால் விதையில் பாதியை ஆரம்பத்திலும் மீதியை இறக்குவதற்குச் சற்று முன்பும் போடலாம். பிஸ்கட், ரொட்டி போன்றவை சுட்ட அன்றைக்கு மந்தமாக இருந்தாலும் அவசரப்பட்டு அடுத்த முறை அளவைக் கூட்டிவிடாதீர்கள். மூடிய டப்பாவில் ஒரு நாள் இருந்தால் மணம் பரவி எழும்பும்.

கசக்கிறது

வறுத்தபோது கருகியிருக்கும். இந்த விதை சின்னது, காம்பும் ரோமமும் அதைவிட மெல்லியவை. விதை சிவக்கும் முன்பே அவை கருகிக் கசப்பைக் கொடுத்துவிடும். வாணலியை முதலில் சூடாக்கி, தீயைத் தணித்து, விதையைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மணம் எழுந்த நொடியில் வேறு தட்டுக்கு மாற்றுங்கள். வாணலியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் வறுபடும். உண்மையைச் சொன்னால், இனிப்புப் பண்டங்களுக்கு அனிஸை வறுக்கத் தேவையே இல்லை என்பது என் கட்சி. வறுப்பதால் வருவது கொட்டை மணம், போவது பூ மணம்.

கருகவில்லை, ஆனாலும் கசக்கிறது என்றால் அளவு மிஞ்சியிருக்கும். அல்லது தூசியும் காம்பும் நிறைய இருக்கும். உள்ளங்கையில் தேய்த்து ஊதினாலே பாதி போய்விடும்.

அளவு கூடிப்போய், மருந்து வாடை அடிக்கிறது

தண்ணீர் ஊற்றி நீர்க்கவைக்க முயன்றால் பயன் குறைவு, தண்ணீர் அனெத்தோலை ஏற்காது. பால், வெண்ணெய், தேங்காய்ப்பால் போன்ற கொழுப்புள்ள ஒன்றைச் சேர்த்தால் அது மணத்தை உள்வாங்கி நாக்கில் அதன் முனையை மழுக்கும். எலுமிச்சைப் புளிப்பும் உதவும். இனிப்பைக் கூட்டாதீர்கள், ஏற்கெனவே இனிப்பான ஒன்றுக்கு இன்னும் இனிப்பு சேர்ந்தால் இருமல் மருந்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும். வாசனை எண்ணெயாகப் பயன்படுத்துகிறவர்கள் புட்டியிலிருந்து நேரே பாத்திரத்தில் சொட்டவிடக் கூடாது. ஒரு கரண்டியில் எடுத்து அங்கிருந்து ஒரு துளி. ஒரு துளிக்கும் மூன்று துளிக்கும் நடுவில் ஒரு பண்டத்தின் தலையெழுத்தே மாறிவிடும்.

தெளிந்த சாறு திடீரென்று பால் போலக் கலங்கிவிட்டது

கெட்டுப்போகவில்லை. சாராயத்தில் ஊறவைத்து எடுத்த அனிஸ் எசன்ஸில் தண்ணீர் பட்டால் அனெத்தோலுக்குக் கரைந்திருக்க இடமில்லாமல் போகிறது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்து மிதக்கிறது. அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. அனிஸ் மணமுள்ள கிரேக்கச் சாராயமான ஊசோவை வைத்து, வேதியியலில் இதற்கு "ஊசோ விளைவு" என்றே பெயர். அந்தக் கலங்கல் குலுக்காமலே நெடுநேரம் அப்படியே நிற்கும்.

தெளிவாகவே வேண்டும் என்றால் தண்ணீரைக் கடைசிவரை சேர்க்காதீர்கள், குளிரிலும் வைக்காதீர்கள், குளிர்ந்தாலும் கலங்கும். சர்க்கரைப் பாகில் வாசனை எண்ணெயைச் சொட்டி, அது மேலே படலமாக மிதக்கிறதா? அடுத்த முறை எண்ணெய்த் துளியை முதலில் உலர்ந்த சர்க்கரையில் விட்டு, ஈர மணல் பதம் வரும்வரை நன்றாகத் தேய்த்து, பிறகு அந்தச் சர்க்கரையைப் பாகில் கரையுங்கள். முழுக்கக் கரையாது, ஆனால் ஒரே வாயில் மொத்த மணமும் வந்து அறையாமல் பரவியிருக்கும்.

வாசனை எண்ணெய் புட்டிக்குள் கட்டியாகிவிட்டது

இதில் நான் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். குளிர்ந்த காலையொன்றில் புட்டியைச் சாய்த்தால் எண்ணெய் நகரவில்லை. உள்ளே வெள்ளை ஊசிகள் பின்னிக்கிடந்தன. மெழுகைக் கலந்து விற்றுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே குப்பையில் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, நான் எறிந்தது நல்ல சரக்கு. சுத்தமான அனிஸ் எண்ணெய் சுமார் 15 முதல் 19 டிகிரிக்குள் உறைய வேண்டும். அதன் தரத்தைச் சோதிக்கும் வழிகளில் ஒன்றே அதுதான். நல்ல குளிரிலும் தண்ணீர் மாதிரி ஓடுகிற எண்ணெயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புட்டியை இறுக மூடி, கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் நிறுத்துங்கள். முழுதும் உருகிய பிறகு தலைகீழாக இரண்டு தரம் கவிழ்த்துக் கலந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பாதி உருகியதும் எடுத்தால் அனெத்தோல் கட்டியிலேயே இருக்க, மற்றவை மட்டும் ஊற்றில் வரும். நேரடித் தீ வேண்டாம், எண்ணெய் பற்றிக்கொள்ளும். கறுத்த கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். சில வகை பிளாஸ்டிக்கை இது இளக்கிவிடும். பழைய எண்ணெய் கெட்டியாகாமல், அனிஸ் மணம் மங்கி வேறொரு பூ வாடை அடித்தால், அனெத்தோல் காற்றில் பழுதாகி அனிஸால்டிஹைடாக மாறிவருகிறது. அதைச் சமையலில் சேர்க்க வேண்டாம்.

விதைத்து மூன்று வாரம், ஒன்றும் முளைக்கவில்லை

இனித் தொட்டிக்கும் பாத்திக்கும் வருவோம். அனிஸ் மெதுவாக முளைக்கிற சாதி. மண் சுமார் 20 டிகிரி இருந்தால் இரண்டு, மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கிளறிப் பார்க்காதீர்கள். அதற்கு மேலும் ஒன்றும் இல்லையென்றால் விதையின் வயதைச் சந்தேகியுங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்தே முளைப்புத் திறன் சரியும். மீதமுள்ள விதையில் இருபதை எண்ணி ஈரத்துணியில் சுருட்டி, டப்பாவில் மூடி வையுங்கள். பத்தாவது முளைத்தால் அடர்த்தியாக விதைத்துச் சமாளிக்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் புது விதை வாங்குங்கள். மளிகை விதையும் முளைப்பதுண்டு, ஆனால் அதன் வயது யாருக்கும் தெரியாது. ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகவேண்டாம்.

நாற்று நன்றாக இருந்தது, எடுத்து நட்டதும் செத்துப்போனது

இது ஆணிவேர்ச் செடி. கேரட்டைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டால் என்ன ஆகுமோ, அதேதான். முதல் ஆண்டு நான் தட்டில் வளர்த்த நாற்றுகள் ஒன்றுகூடத் தேறவில்லை. பாத்தியோரம் தவறி விழுந்த நாலு விதைகள் மட்டும் தாமாக முளைத்துக் காய்த்தன. நிற்கப்போகும் இடத்திலேயே விதையுங்கள். பிறகு 15 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி நடுவில் உள்ளவற்றைக் கலைத்துவிடுங்கள். கலைக்கும்போது பிடுங்காமல் கத்தரியால் நறுக்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது. தட்டில்தான் வளர்க்க முடியும் என்றால் மக்கும் காகிதக் குவளையில் விதைத்து, இரண்டு நிஜ இலை வந்ததும் குவளையோடு புதையுங்கள்.

முளைத்த சில நாளிலேயே தண்டு அடியில் நூல் போலச் சுருங்கிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரம் அதிகம், காற்றோட்டம் குறைவு.

ஒரே செடியில் இரண்டு விதமான இலை

கோளாறே இல்லை. அடி இலை வட்டமாக, விளிம்பில் பல்லோடு இருக்கும். மேலே போகப்போக இறகு போலப் பிரியும். பூவை மட்டும் பாருங்கள். வெள்ளை என்றால் அனிஸாக இருக்கலாம், மஞ்சள் என்றால் பெருஞ்சீரகமோ சதகுப்பையோ வந்திருக்கிறது.

செடி சாய்கிறது, மஞ்சளாகிறது, இலை காணாமல் போகிறது

முக்கால் மீட்டர் வரை வளரும் மெல்லிய தண்டு. காற்றில் சாயத்தான் செய்யும். அடியில் மண் அணைத்து, சுற்றிலும் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும். அடி இலை மஞ்சளாகி மண்ணும் ஈரமாகவே இருந்தால் வடிகால் இல்லை, தண்ணீரை நிறுத்துங்கள். இலைமேல் விபூதி பூசியதுபோலத் தெரிந்தால் சாம்பல் நோய், பட்ட இலைகளை அகற்றிச் செடிகளைக் கலைத்துவிடுங்கள். கொழுந்தில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும்.

ஒரே இரவில் கிளை மொட்டையானால் புழுவைத் தேடுங்கள். பச்சை உடம்பில் கறுப்புப் பட்டையும் ஆரஞ்சுப் புள்ளியும் கொண்ட புழு இருந்தால், ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீண்டு, கெட்ட வாடை வரும். அது பப்பிலியோ மக்காவோன் என்ற பட்டாம்பூச்சியின் புழு. நான் அதைக் கொல்வதில்லை, பக்கத்தில் வளரும் பெருஞ்சீரகத்துக்கு மாற்றிவிடுகிறேன். அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

பூத்தது, ஆனால் விதை சொத்தை

உரம் போட்டீர்களா? தழைச்சத்து கூடினால் செடி பச்சைப்பசேலென்று இலையாகவே நிற்கும், விதை நிரம்பாது. நல்ல வெயில், கொஞ்சம் ஏழை மண், இதுதான் அதற்குப் பிடித்த இடம். அடுத்த காரணம், பூக்கும் நேரத்தில் கடும் வெப்பமும் வறட்சியும். விதைத்ததிலிருந்து விதை முற்ற ஏறத்தாழ நாலு மாதம் உறைபனி இல்லாமல் கிடைக்க வேண்டும். அதைக் கணக்கிட்டு, பூக்கும் வாரங்கள் உச்ச வெயிலில் மாட்டாதபடி விதையுங்கள். பூச்சிமருந்து அடித்திருந்தால் பூவுக்கு வரும் ஈயும் குளவியும் வந்திருக்காது.

விதை நிரம்பியும் அறுக்கப் போகும்போது பாதி தரையில் கிடக்கிறதா? குடை போல விரியும் பூங்கொத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முற்றும். நடுக்கொத்து முதலில். அதன் விதை பச்சையிலிருந்து சாம்பல் பச்சைக்கு மாறத் தொடங்கியதும், காலைப் பனி காயும் முன் அதை மட்டும் நறுக்கி, காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். மற்றவற்றுக்கு இன்னும் சில நாள் கழித்து வாருங்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, மயக்கம், வலிப்பு

இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது, உடனே மருத்துவமனை. சாப்பிட்டதில் மிச்சம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அனிஸ் சமையல் அளவில் தீங்கு செய்வதில்லை. வேடம் போட்டு வருகிறவை செய்யும். கோனியம் மாக்குலாட்டம் என்ற நச்சுச் செடியின் விதை அனிஸோடு கலந்த கதை பழையது. அந்த விதையில் ரோமம் இல்லை, நசுக்கினால் எலி வாடை. செடியின் தண்டில் ஊதாப் புள்ளிகள் இருக்கும். காட்டோரத்தில் தானாக வளர்ந்த, வெள்ளைக் குடைப்பூ உள்ள எதையும் அனிஸ் என்று பறித்து வராதீர்கள். இன்னொன்று அன்னாசிப்பூவின் ஜப்பானிய உறவு, இல்லிசியம் அனிசாட்டம். காய்ந்தபின் இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. 2003இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அன்னாசிப்பூ போட்ட தேநீர் குடித்துக் குழந்தைகள் உட்படப் பலர் பாதிக்கப்பட்டதால் எச்சரிக்கை விட்டது. கைக்குழந்தைகளுக்கு வயிற்றுவலி என்று இவற்றை ஊறவைத்துக் கொடுக்க வேண்டாம். கருவுற்றவர்கள் வாசனை எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது.

வாய் அரிப்பு, உதடு வீக்கம் மட்டும் வந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். செலரி, கொத்தமல்லி, சீரகம் ஆகியவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதே குடும்பத்து அனிஸும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூச்சு முட்டினால் தாமதிக்காதீர்கள்.

மிக்சியில் எதை அரைத்தாலும் அனிஸ் வாடை

எண்ணெய் மூடியின் ரப்பரில் ஏறிவிட்டது. சோப்பு நுரையில் கழுவினால் மட்டும் வாடை போகாது. ஒரு கைப்பிடி உலர்ந்த அரிசியை அரைத்துக் கொட்டுங்கள், பொடி எண்ணெயைக் குடித்துவிடும். ரப்பரைக் கழற்றிச் சமையல் சோடா குழைத்துப் பூசி ஒரு இரவு வையுங்கள். அப்படியும் போகாவிட்டால் அந்த ரப்பரை அனிஸுக்கே தாரை வார்த்துவிட்டு, வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.